வண்ணச் சீட்டும் மூடிய பொதியும்



அண்மையில் ஒரு மாலை, காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்தருகே ஒரு பெட்டிக்கடையில் நின்றிருந்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று பளபளப்பான பொதிகளை வாங்கி, அங்கேயே கிழித்தான். உள்ளே போக்கிமான் சீட்டுகள். ஒன்றை மட்டும் சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, எஞ்சியவற்றைச் சாக்கடையோரம் எறிந்தான். "ஏன் தம்பி எறிகிறாய்?" என வினவினோம். "இதெல்லாம் ஏற்கெனவே இருக்கு அங்கிள்" என்றான். பணம் யார் தந்தார் என்று கேட்டோம்; பதில் வரவில்லை, சைக்கிள்தான் கிளம்பியது.

நாம் சிறுவயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். நம் பிள்ளைகள் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு சேர்த்தனர். ஆகவே சேர்க்கும் ஆசையைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆயினும் டிரம்ப் கார்டுப் பெட்டியை வாங்கினால் முழுக்கட்டும் கைக்கு வந்துவிடும். இங்கோ, வாங்கியது எதுவெனப் பிரித்த பின்னரே தெரியும்.

இவ்வகை ஆட்டத்திற்கு வித்திட்டவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். அவர் வகுத்த 'மேஜிக்: தி கேதரிங்' 1993-இல் வெளியாயிற்று. அதில் ஐந்து நிறங்கள் உண்டு. வெள்ளை ஒழுங்கையும், நீலம் அறிவையும், கறுப்பு தன்னல வேட்கையையும், சிவப்பு உணர்ச்சி வேகத்தையும், பச்சை இயற்கையின் வளர்ச்சியையும் குறிக்கும். ஐந்தும் வட்டமாய் அமைந்திருக்க, அடுத்துள்ள இரண்டும் நட்பு. எதிரிலுள்ள இரண்டும் பகை. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்னும் நிலச் சீட்டுகளே அவற்றுக்கு ஆற்றல் அளிப்பன. (ஐந்திணை பயின்ற தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!) எல்லா நிறங்களையும் ஒருங்கே அள்ளிக்கொண்டால், வேண்டிய நிலம் வேண்டிய வேளையில் கைக்கு வராது, ஆதலால் ஓரிரு நிறங்களோடு அமைபவர் பலர். சிந்தனைக்கு நல்ல பயிற்சி என்றே சொல்வோம்.

இடர் பொதியில் இருக்கிறது. 'பூஸ்டர்' எனப்படும் அப்பொதியில் பல ஆண்டுகளாக 15 சீட்டுகள் இருந்தன. அரிய சீட்டு அவற்றுள் ஒன்றே. 1998 முதல் அருமையையும் நிறத்தாலேயே காட்டினர்: எளியதற்குக் கறுப்புக் குறி, இடைப்பட்டதற்கு வெள்ளி, அரியதற்குப் பொன். ஒரு தொகுதியில் நூறு அரிய சீட்டுகள் சம வாய்ப்புடன் உள்ளன என்று கொள்வோம். மகன் விரும்புவது அவற்றுள் ஒன்றை. நூறு பொதிகள் பிரித்த பின்னும் மூன்று பிள்ளைகளில் ஒருவனுக்கு அது கிட்டியிராது. இது வெறும் கணக்கு. ஆனால் 'அடுத்ததில் வரும்' என்னும் நம்பிக்கைக்குக் கணக்கு தெரியாது. கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கப்பட்ட மூடிய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் நாட்டின் ஆணையம் 2018-இல் கூறிற்று. அட்டைப் பொதிக்கும் அதற்கும் தூரம் மிகுதியன்று என்பது நம் கருத்து.

பெற்றோர் சீட்டைப் பிடுங்கி எரிக்க வேண்டியதில்லை. எத்தனை பொதி, எவர் பணம் என்று கேட்டால் போதும். வேண்டிய சீட்டை நண்பனிடம் மாற்றிக்கொள்ளவும் சொல்லலாம். நம் கடைகளில் தொங்கும் பொன்னிறச் சீட்டுகளில் போலி ஏராளம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அன்று அச்சிறுவன் எறிந்தவற்றைத் துடைத்து எடுத்துவந்தோம். பக்கத்து வீட்டு அக்காளும் தம்பியும் அவற்றைக் கொண்டு, விதிகளைத் தாமே இயற்றி, ஒரு வாரமாக ஆடுகின்றனர். இன்னும் சில சீட்டுகள் வேண்டுமாம். அந்தக் கடைப் பக்கம் மறுபடி எப்போது போவீர்கள் என்று நேற்றுக் கேட்டனர்.