லீடர் எழுதிய பெயருக்கெல்லாம் பிரம்பு எடுக்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் திட்டுவது போலவும் இருக்கும். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது வளைகுடாவில் வேலை. எங்கே பார்த்தாலும் ஓடிவருகிற பிள்ளை, அன்று பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தான். நானே போய்க் கையைப் பிடித்தேன்.

"ரெண்டு மெயில் போட்டேன் டீச்சர். நீங்க பதிலே போடல."

அவன் அம்மா எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்தவர். உடம்பு முடியாமல் கிடந்தபோது என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் போன் நம்பர் மாறிவிட்டது, அவன் பேஸ்புக்கிலும் இல்லை. யாரிடமோ என் மெயில் முகவரியை வாங்கி எழுதியிருக்கிறான். அவர் போய் நான்கு மாதம் ஆகிறது. டீச்சருக்கு இப்போது நம் ஞாபகம் எங்கே இருக்கப் போகிறது என்று இவன் நினைத்திருக்கிறான்.

அந்த இரண்டு கடிதமும் என் கண்ணில் படவே இல்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைக் குடைந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் என் அண்ணன் மகன் ஊருக்கு வந்திருந்தான். "அத்தை, உங்க மெயில் பூரா குப்பை. நான் செட் பண்ணித் தர்றேன், இனிமே தொல்லையே இருக்காது" என்று உட்கார்ந்தான். பத்தே நிமிடம். நானும் காபி போட்டுக் கொடுத்துப் பெருமைப்பட்டேன். அவன் செய்தது இரண்டு காரியம். பட்டியலில் இருப்பவர்களின் மெயிலை மட்டும் உள்ளே விடு என்பது ஒன்று. மற்றதைக் குப்பைப் பெட்டியில்கூடப் போடாதே, அப்படியே அழித்துவிடு என்பது இன்னொன்று. மாணவனின் முகவரி என் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான்.

அண்ணன் மகனும் இதைப் படிப்பான். படிக்கட்டும். தப்பில் பாதி என்னுடையது. என்ன செய்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ஆபீஸ் ரூம் வரை போகும்போது கிளாஸ் லீடரிடம் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வந்தால் பத்துப் பெயர் இருக்கும். ஏழு பேர் நிஜமாகவே பேசியிருப்பார்கள். ஒருத்தி பக்கத்தில் ரப்பர் கேட்டிருப்பாள். ஒருத்தன் முந்தின நாள் லீடரோடு சண்டை போட்டவனாக இருப்பான். விசாரிக்காமல் பத்துப் பேருக்கும் பிரம்பெடுக்கிற டீச்சரை நீங்கள் மன்னிப்பீர்களா? மெயில் ஃபில்டர் அந்த லீடர்தான். நல்ல பையன், உழைக்கிறான். ஆனால் பெயர் எழுதுவதோடு அவன் வேலை முடிந்தது. பள்ளியை விட்டே நீக்கும் அதிகாரத்தை அவன் கையில் கொடுத்தால் அது டீச்சர் செய்த குற்றம்.

"குப்பை மெயிலால் எத்தனை பெரியவர்கள் பணத்தை இழக்கிறார்கள் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். ஃபில்டரை நிறுத்தச் சொல்லவில்லை. குப்பைப் பெட்டிக்குத் தள்ளுவதே போதுமான காவல் என்கிறேன். பழைய அவுட்லுக்கில் ஜங்க் பெட்டிக்குள் போன கடிதத்தின் லிங்க்குகள் வேலை செய்யாது. தண்டர்பேர்டு வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாகக் காட்டாது. பெட்டியைத் திறந்து அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் படிப்பதால் எந்தப் பணமும் போகாது. பார்க்காமல் அழிப்பதால் மனிதர்கள் போவார்கள். எனக்குப் போனது போல.

இனி பாடத்துக்கு வருவோம். பழைய அவுட்லுக்கில் 'ஜங்க் இமெயில் ஆப்ஷன்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. அதில் நான்கு நிலைகள். தானியங்கி வடிகட்டல் வேண்டாம், குறைவு, அதிகம், கடைசியாகப் 'பாதுகாப்பான பட்டியல் மட்டும்'. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசி நிலை ஆகாது. எந்த வருடத்து மாணவன் எந்த முகவரியிலிருந்து எழுதுவான் என்று எந்த ஆசிரியருக்குத் தெரியும்? 'குறைவு' போதும். கீழே, சந்தேகப்பட்டதை நிரந்தரமாக அழி என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் தொடர்புகளில் இருப்பவர்களை நம்பு என்கிற கட்டத்தில் மட்டும் டிக் போடுங்கள்.

தண்டர்பேர்டின் ஃபில்டர் வேறு மாதிரி. அது நாம் சொல்லிக் கொடுப்பதைக் கற்றுக்கொள்ளும். தாமஸ் பேய்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் எழுதிய நிகழ்தகவுக் கணக்கு, அவர் இறந்தபின் 1763இல் வெளியானது. அந்தக் கணக்குதான் அடிப்படை. எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல கடிதத்தில் அதிகம் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறோம். 'இது குப்பை' என்று மட்டும் அழுத்திக்கொண்டே போகிறோம், 'இது குப்பை இல்லை' என்று ஒருநாளும் சொல்வதில்லை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன பாடம், தப்புக்குச் சுழி போட்டால் மட்டும் பிள்ளை கற்காது, சரிக்கும் டிக் போட வேண்டும் என்பது. கடிதத்தைத் தேர்ந்து 'ஜே' விசையை அழுத்தினால் குப்பை. ஷிஃப்ட்டோடு 'ஜே' அழுத்தினால் குப்பை இல்லை. இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது ரூல். இன்ன சொல் இருந்தால் அழி என்று சிலர் வரிசையாக எழுதி வைக்கிறீர்கள். சூதாட்ட மெயிலைத் தடுக்க 'பெட்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைப் போட்டால், தண்டர்பேர்டில் அந்த எழுத்துகளைக் கொண்ட எந்தத் தலைப்பும் மாட்டும். எலிசபெத் டீச்சர் பணி நிறைவு விழா என்று வந்தாலும் மாட்டும். ஏபிசிடி படிக்கிற பேரனின் 'ஆல்ஃபபெட்'டும் மாட்டும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அழி என்று எழுதாதீர்கள், தனி ஃபோல்டருக்கு நகர்த்து என்று எழுதுங்கள். ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும் என்பதால் வரிசையையும் பாருங்கள். ஒவ்வொரு அனுப்புநராகத் தடை செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மோசடிக்காரன் நாளைக்கு வேறு முகவரியில் வருவான்.

இன்னொன்று. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது இரண்டாவது வாசல்தான். முதல் வாசல் மெயில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஜிமெயிலை 'பாப்' முறையில் இறக்கிக்கொள்பவர்களுக்கு அங்கே ஸ்பேமில் விழுந்தது கம்ப்யூட்டருக்கு வரவே வராது. பிரவுசரில் போய்த்தான் பார்க்க வேண்டும். 30 நாளில் அது தானாக அழிந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காபியோடு, ஐந்து நிமிடம் இரண்டு இடத்தையும் பாருங்கள்.

கடைசியாக, லீவுக்கு ஊருக்கு வந்து அப்பா அம்மா கம்ப்யூட்டரைச் சரி செய்துவிட்டுப் போகும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்களுக்கு யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். குப்பைப் பெட்டியைத் திறக்கவும், நல்லதைத் திரும்ப எடுக்கவும் அவர்கள் கையாலேயே செய்ய வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கும் ஒரு காலத்தில் 'அ' புரியவில்லை. அப்படி நான் உங்களிடம் சொன்னதுண்டா?

அந்த மாணவனோடு போய் அவன் அம்மா படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

எனக்கு எழுதிப் பதில் வராதவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இன்னொரு முறை எழுதுங்கள். இப்போது நானே தினமும் பார்க்கிறேன்.

வீட்டுப்பாடம்: இன்று ராத்திரி தூங்குவதற்கு முன் ஜங்க் பெட்டியைத் திறங்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். நாளைக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்