பறக்க மறந்த மலைவண்டு

மழை ஓய்ந்த இரவில், முன்வாசல் விளக்கடியில் கறுப்பு வண்டு ஒன்று விறுவிறுவென ஓடுவதை உலு திராம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அது தரைவண்டாக இருக்கலாம். உலகில் சுமார் 40,000 தரைவண்டு இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இரவில் வேட்டையாடிப் புழு பூச்சிகளைத் தின்பவை.

நம் நாட்டுக் காடுகளில் வாழும் வயலின் வண்டும் இந்தக் குடும்பம்தான். 1825-இல் ஹாகன்பாக் அதற்கு அறிவியல் பெயரிட்டார். இலைபோல் விரிந்த உடலை வைத்து, சிறுபிள்ளைகூட அதைக் கண்டுபிடித்துவிடும்.

மலையுச்சி வண்டுகள் அப்படியல்ல. பல இனங்கள் சிறியவை, கறுப்பு நிறம், பார்வைக்கு ஒரே அச்சு. கண்ணருகே உள்ள முடிகள், முதுகுக் கோடுகள், ஆண்வண்டின் இனவுறுப்பின் வடிவம் ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். புதிய இனம் என்றால், ஒரு வண்டை மூலமாதிரியாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைத்து, விவரத்தை அச்சில் வெளியிடுவார்கள். பிடித்த இடம், உயரம், தேதி எழுதிய சிறு சீட்டு அதோடு இருக்கும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வண்டின் மதிப்பு பாதி போய்விடும்.

இவற்றில் பல பறப்பதில்லை, இறக்கை சுருங்கிவிட்டது. பலத்த காற்று பறப்பவற்றைக் கடலுக்கு அடித்துப்போனதே இதற்குக் காரணம் என்று தீவு வண்டுகளைப் பற்றி டார்வின் சொன்னார். மலைக்கு அது முழு விடையல்ல என்றார் அமெரிக்க ஆய்வாளர் டார்லிங்டன், 1943-இல். மலையுச்சி சிறிய இடம், நிலையான இடம். அங்கே இடம் தேடிப் பறக்க வேண்டிய அவசியம் குறைவு என்பது அவர் விளக்கம்.

சிக்கலும் அங்கேதான். குளிரில் பழகிய, பறக்க முடியாத வண்டு வெப்பமான பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குப் போகாது. அதனால் ஒரே மலையில் மட்டும் வாழும் இனங்கள் உண்டு. பூமி சூடாகும்போது அவை மேலே ஏறும். 4,095 மீட்டர் கினபாலுவுக்கும் ஓர் உச்சி உண்டே! அதற்கு மேல் எங்கே போவது? பெயர் வைக்கப்படாமலே ஓர் இனம் அழிந்தால், இழந்தது என்னவென்றுகூட நமக்குத் தெரியாது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு 1,276 மீட்டர் குனோங் லேடாங் ஏறினால், கல்லைப் புரட்டாதீர்கள். புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். வண்டைப் பிடிக்க வேண்டாம். படம் எடுத்து, இடம், உயரம், தேதி மூன்றையும் குறித்து வையுங்கள். ஆய்வாளர் சீட்டில் எழுதுவதும் அதைத்தான்.