காற்றுக்கு ஏறுவரிசை உண்டா?

இங்கிலீஷில் பலத்த காற்றைக் குறிக்கும் சொற்கள் யாவும் வேகத்தின் ஏறுவரிசையில் அமைந்தவை என்றும், ‘பிரீஸ்’ தொடங்கிக் ‘கேல்’, ‘ஸ்டார்ம்’, ‘சைக்ளோன்’, ‘ஹரிக்கேன்’, ‘டொர்னேடோ’ என்று ஒப்பித்துவிட்ட மாணாக்கன் அவ்விஷயத்தைக் கற்றவனாவான் என்றும், தமிழில் இத்தகைய தராதரமே கிடையாதென்றும், கடலைக் கண்ணாற் காணாத ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பித்தலே அதிகம் என்றும் ஓர் அபிப்பிராயம் உபாத்தியாயர்களிடையேயும் பெற்றோரிடையேயும் நிலவி வருகிறது. இவற்றுள் ஒன்றுகூட ஆராய்ந்து பார்த்தால் நிலைக்காது.

முதலில் ஏறுவரிசையை எடுத்துக்கொள்வோம். 1805ஆம் ஆண்டில் பிரான்சிஸ் போபர்ட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றின் பலத்துக்குச் சூனியம் முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு ஒரு வரிசை வகுத்தார். போர்க்கப்பல் எவ்வளவு பாய் விரித்துச் செல்லக்கூடும் என்பதே பின்னர் அதற்கு அளவுகோலாயிற்று. இக்காலக் கணக்கில், அதன் எட்டாம் எண்ணாகிய ‘கேல்’ மணிக்கு 62 கி.மீ. வேகத்திலும், பன்னிரண்டாம் எண்ணாகிய ‘ஹரிக்கேன்’ 118 கி.மீ. வேகத்திலும் தொடங்குகின்றன. அச்சொற்களில் ஏறுவரிசை என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. ‘சைக்ளோன்’ இதில் இடம்பெறவே இல்லை. ஏனெனில் அது நூற்றுக்கணக்கான கி.மீ. பரப்பில் சுழன்று நகரும் ஒரு பெரிய அமைப்பின் பெயர். அந்த அமைப்பு போதிய வலுவடைந்து அட்லாண்டிக்கில் தோன்றினால் ‘ஹரிக்கேன்’ என்றும், மேற்குப் பசிபிக்கில் தோன்றினால் ‘டைபூன்’ என்றும் வழங்கப்படுவது கடலின் வேறுபாட்டாலன்றி வேகத்தின் வேறுபாட்டாலன்று. ‘டொர்னேடோ’வோ குறுகிய பாதையில் பெரும்பாலும் சில நிமிஷங்களே நின்று அழிக்கும் சுழல். வரிசையில் தாழ்ந்தது தீங்கிலும் தாழ்ந்தது என்று எண்ணுவாரும் உளர். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெங்கல் புயல், காற்றின் வேகம் ஒடுங்கியபின் உள்நாட்டில் நுழைந்துதானே ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டியது?

தமிழில் தராதரம் இல்லை என்னும் ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் முன்னோர் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கோடை, வடக்கிலிருந்து வருவதை வாடை, தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்று திசையால் பிரித்தார்களேயன்றி, வேகத்தை அளந்து பிரிக்கவில்லை. அவர்களுக்குப் புயல் என்றால் மேகம். ஆயினும் அந்தக் குறை இன்று தீர்ந்துவிட்டது. வானிலை அறிக்கையில், காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ. முதல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் புயல், 89 முதல் தீவிரப் புயல், 118 முதல் மிகத் தீவிரப் புயல் என்று கணக்காகப் பேசுகிறார்கள். கரையிலுள்ள மீனவர் எவருக்கும் இது புதிதன்று. இங்கிலீஷின் செல்வமும் பெரும்பாலும் கடன் வாங்கியதே. ‘ஹரிக்கேன்’ கரீபியன் தீவுகளிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. ‘சைக்ளோன்’ என்ற பெயரைக் கிரேக்க மூலத்திலிருந்து உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் இருந்ததோ, லண்டனில் அல்ல, நம் கல்கத்தாவில்!

கடலில்லாத ஊருக்கு இச்சொற்களால் என்ன பிரயோஜனம் என்பதே எனக்கு மிகவும் வியப்பளிக்கும் கூற்று. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து நாள் முழுதும் ஓயாமல் வீசும் காற்று இங்குள்ள வாழையின் இலைகளை நார்நாராகக் கிழித்தாலும், முட்டுக் கொடுத்த மரம் பெரும்பாலும் நின்றுவிடும். சித்திரை வைகாசியில் மாலைநேரத்து இடிமழைக்கு முன்னே திடீரென்று எழுந்து அடங்கிவிடும் சூறைக்காற்றோ, குலை தள்ளிய மரங்களை நடுத்தண்டில் முறித்துப் போட்டுவிடும். இந்தப் பின்னதற்குத்தான் இங்கிலீஷில் ‘ஸ்குவால்’ என்று பெயர். காற்றின் வேகம் திடீரென்று 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) அளவாவது கூடி, 22 நாட்டையேனும் எட்டி, ஒரு நிமிஷமேனும் நீடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். சில விநாடிகளில் ஓய்ந்துவிட்டால் அது வெறும் ‘கஸ்ட்’. ஏரியூருக்கு அருகிலுள்ள நாகமரையிலிருந்து மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து அக்கரைப் பண்ணவாடிக்குப் பரிசலில் போய் வந்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை. அடிக்கட்டையும் சுக்கானும் இல்லாத அந்த வட்டக்கலம், ஒரே சீராக வரும் காற்றைத் துடுப்பினால் சமாளித்துக்கொள்ளுமாயினும், நடுநீரில் திடீர்க்காற்று பிடித்தால் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்கிவிடும். இதைக் கண்ணாரக் கண்ட பிள்ளைக்கு ‘ஸ்குவால்’ ஒரு விநாடியில் புரியும். அட்டவணையை மட்டும் நெட்டுருப் பண்ணிய பட்டணத்துப் பிள்ளைக்குப் புரியாது.

மனப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரீட்சைக்கு வேண்டுமாயின் ஒப்பிக்கட்டும். ஆனால் அப்படி மட்டுமே கற்றவன், சித்திரை மாதத்தில் அரைமணி நேரத்துக்குள் வாழைத்தோட்டம் சாய்ந்ததற்கு நிவாரணம் கோரி எழுதும் இங்கிலீஷ் மனுவில் ‘சைக்ளோன்’ என்று குறிப்பிடுவானாயின், அன்றைக்கு வங்கக் கடலில் புயலே இல்லையே என்று அதிகாரி அதைத் திருப்பிவிட இடமுண்டு. ‘ஸ்குவால்’ என்று எழுதத் தெரிந்தவனுக்கு அந்தத் தொல்லை நேராது.