பிளாஸ்டிக் காட்டிக்கொடுக்காது

"பிளாஸ்டிக்தானே, அதற்கு என்ன பராமரிப்பு வேண்டிக்கிடக்கு?" இங்கிலாந்தில் பள்ளியிலிருந்து டிராம்போன் இரவல் வாங்கிவரும் பிள்ளைகளின் பெற்றோர் பலரும் சொல்லும் வசனம் இது. இங்குள்ள தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பு முழுவதுக்கும் சேர்த்து ஒரு வாத்தியம் கற்றுத்தருகிறார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கும் ஒரு சிவப்பு டிராம்போன் வந்து சேர்ந்தது. வார்விக் மியூசிக் நிறுவனத்தின் தயாரிப்பு. 'பீபோன்' என்று பெயர். எடை சுமார் 800 கிராம். பித்தளை டிராம்போன் ஏறக்குறைய இதைப்போல் இருமடங்கு கனக்கும். ஒல்லிக் கை உள்ள பிள்ளை தோள் வலிக்காமல் தூக்கி ஊதலாம், கீழே போட்டாலும் எளிதில் நசுங்காது. பள்ளிகளுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாமா? நல்லதாப் போச்சு" என்றாள். அங்கேதான் சிக்கலே. குத்துவிளக்கு கறுத்தால் கண்ணுக்குத் தெரியும், தேய்க்கிறோம். பிளாஸ்டிக் கறுப்பதும் இல்லை, பச்சை பிடிப்பதும் இல்லை. வெளியே என்றைக்கும் புதுசாகவே பளபளக்கும். உள்ளே ஒன்பது அடி நீளக் குழாயில் மூச்சின் ஈரமும், எச்சிலும், பள்ளி இடைவேளையில் தின்ற பிஸ்கட்டின் துணுக்கும் தங்கிக் கிடக்கும்.

இதை வெறும் அருவருப்பு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருமிக்கொண்டிருந்த ஒரு டிராம்போன் கலைஞரைப் பற்றி 2010இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவருடைய வாத்தியத்துக்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியிருந்தன. நுரையீரல் ஒவ்வாமைக்கு அவையே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். வாத்தியத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் இருமல் வெகுவாகக் குறைந்தது. கிருமிகளை ஓரளவு அடக்கும் குணம் பித்தளையிலுள்ள செம்புக்கு உண்டு. அப்படியிருந்தும் இந்தக் கதி! பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணமும் கிடையாது.

ஆகவே எங்கள் வீட்டில் டிராம்போனுக்கு மாதம் ஒரு குளியல். மணிபோல் விரிந்த பெல்லையும், முன்னும் பின்னும் இழுக்கும் குழாயான ஸ்லைடையும் தனித்தனியாகப் பிரித்து, குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. பாம்புபோல் வளையும் நீளத் தூரிகையை வாத்தியக் கடைகளில் விற்கிறார்கள். அதன் கம்பிக்கு மேலுறை போட்டிருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்த பின்பே பைக்குள் போடுவது. கொதிநீர், பாத்திரம் கழுவும் இயந்திரம், ரேடியேட்டர் மேல் உலர்த்துவது, ஜூலை வெயிலில் காருக்குள் விட்டுவிடுவது, எதுவும் ஆகாது. இந்த வாத்தியம் செய்யப்பட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக் சூட்டில் கோணிக்கொள்ளும். பித்தளையில் விழும் நசுங்கலைத் தட்டி எடுக்க ஆள் உண்டு, கோணிய பிளாஸ்டிக்கை நிமிர்த்த யாரும் முன்வர மாட்டார்கள்.

முக்கியமானது ஸ்லைடு. பிளாஸ்டிக் ஸ்லைடு இறுக்கம் என்று குறை சொல்கிறார்களே, அந்தக் குறையில் உண்மை உண்டு. பித்தளையின் வழுக்கல் இதற்கு வராது. ஆனால் பாதி இறுக்கம் தூசியால் வருவது. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே உள்ளது மிகச் சிறிய இடைவெளி, பிளாஸ்டிக்கோ உராய உராயத் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். உள்குழாயை நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். எந்தக் குழாயைத் துடைக்கிறோமோ அந்தக் குழாயையே மறுகையால் பிடித்துக்கொள்வது அவசியம். பக்கத்திலுள்ள இணைக்குழாயைப் பிடித்தால் இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளும். துடைத்து முடித்தபின் தெளிப்பானில் இரண்டு மூன்று முறை தண்ணீர். அவ்வளவு போதும். தையல் இயந்திர எண்ணெய் வேண்டவே வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய், தின்னர் வகைகள் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யலாம். நகப்பூச்சால் வாத்தியத்தில் பெயர் எழுதிவிட்டு, ரிமூவர் போட்டு அழிக்கும் பிள்ளைகள் கவனிக்க: ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அது டிராம்போனையும் சேர்த்துக் கரைக்கும்.

வாய் வைத்து ஊதும் மவுத்பீஸுக்கு வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் சிறு தூரிகையும் போதும். உள்ளங்கையால் அதன்மேல் தட்டி 'பாப்' என்று சத்தம் எழுப்புவது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. தட்டத் தட்ட அது உள்ளே இறுகிப்போகும். அப்போது குறடைக் கையில் எடுக்காதீர்கள். அதைக் கழற்றுவதற்கென்றே ஒரு கருவி வாத்தியக் கடையில் இருக்கும்.

ஊதுவதற்கு முன் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மேற்சொன்ன வேலையில் பாதி அதிலேயே குறைந்துவிடும். ஜூலையில் பள்ளி முடியும்போது இரவல் டிராம்போன்கள் மூட்டையாகத் திரும்பிப் போகும், செப்டம்பரில் வேறு பிள்ளைகள் அவற்றில் வாய் வைப்பார்கள். கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுங்கள்.