டிராக்டருக்கு எந்த சாக்கெட் செட்?

“உழவு நேரத்தில் மெக்கானிக் வர இரண்டு நாளாகிறது. சின்னப் பழுதுகளை நாமே பார்க்க எந்த சாக்கெட் செட் வாங்கலாம்?”
- வாசகர், மன்னார்குடி.

துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அரை அங்குல டிரைவில் 10 முதல் 32 மி.மீ. வரை இருந்தால் போதும். சாக்கெட்டின் உட்புறம் 12 முனை வேண்டாம். 6 முனைதான் தேய்ந்த நட்டையும் பிடிக்கும். பழைய டிராக்டர்களில் அங்குல அளவு நட்டுகளும் இருக்கும். 9/16 அங்குலம் என்பது 14.3 மி.மீ. அதில் 15 மி.மீ. சாக்கெட்டை மாட்டித் திருகினால் முனை மழுங்கும், அப்புறம் உளிதான்! துருப்பிடித்து இறுகிய நட்டை ராட்செட்டால் திருகக் கூடாது, உள்ளே பல் போய்விடும். நீளமான கைப்பிடியால் இளக்கிய பிறகே ராட்செட். அதில் பைப்பைச் செருகி அழுத்தினால், சறுக்கும்போது கைமுட்டி பெயரும்.