பாம்பு யாரைக் கடிக்கிறது?
நாகசுனைக் கரையில் எழும் கேள்வி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலை நோக்கி ஜனங்கள் சாரி சாரியாக வருவார்கள். ராஜபாளையத்து மில் தொழிலாளி இரவு ஷிப்டு முடிந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறான். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் பெண் வருகிறாள். நாற்று நடும் கூலிப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறாள். ஒன்பது நிலைக் கோபுரத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே போய் நாகசுனையின் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள்.

தோழர்களே, இந்தக் கூட்டத்தில் நாமும் நின்றோம். உண்டியலுக்கு முன்னால் தகட்டில் செய்த பாம்பு உருவையும் தேள் உருவையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி நின்றாள். "இது எதுக்கு ஆச்சி?" என்று கேட்டோம். "வயக்காட்டுல கெடக்குற சீவனுக்குத்தான்யா. போன வருசம் எம் மவன் தப்பிச்சான். இந்த வருசமும் அவன் வரப்புலதான நடக்கணும்?" என்றாள்.

அந்த ஆச்சியின் பதிலில் ஒரு முழு வர்க்கத்தின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறோம்.

கடவுள் உண்டா, இல்லையா என்ற விவகாரத்தை நாம் இங்கே கிளப்பவில்லை. கும்பிடுகிறவனைப் பரிகசிப்பதும் நமது வேலையல்ல. வேறு கதியில்லாதவன்தான் தெய்வத்தின் வாசலில் நிற்கிறான். அவனுக்கு வேறு கதி ஏன் இல்லாமல் போயிற்று என்பதே நமது கேள்வி.

சங்கரன்கோவில் தலபுராணம் என்ன சொல்லுகிறது? சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இருவருக்கும் ஓயாத சண்டை. கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். அவளுக்கு இருவரும் ஓருருவாக, சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள். அந்த நாளே ஆடித்தபசு. நாகங்கள் தோண்டிய சுனையே நாகசுனை என்பது ஊர் வழக்கு.

அதே புராணத்தில் இன்னொரு பாத்திரமும் உண்டு. புன்னைவனத்துக்குக் காவல் இருந்தவன், காவற்பறையன். அவன் ஒரு புற்றை வெட்டியபோது உள்ளிருந்த பாம்பின் வால் வெட்டுப்பட்டது. பக்கத்தில் லிங்கத்தைக் கண்டான். ஓடிப்போய் உக்கிரபாண்டியனிடம் சொன்னான். பாண்டியன் கோயில் எழுப்பினான். ஆக, இந்தக் கதையில் முதன்முதலில் பாம்புக்கு எதிரே நின்றவன் அரசனும் அல்ல, அர்ச்சகரும் அல்ல. கையில் மண்வெட்டி பிடித்த உழைப்பாளி!

புராணத்தில் மட்டுமா அப்படி? இன்றைக்கும் அதே கதைதான். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகள்தான் நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்லுகின்றன. கண்ணாடி விரியன் நெல் வயலிலும் வைக்கோல் போரிலும் கிடக்கும். சுருட்டை விரியன் வறண்ட காட்டில் கிடக்கும். கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். பல சமயம் கடித்த வலிகூடத் தெரியாது. விடியும்போது இமை தூக்க முடியாமல், மூச்சு முட்டிச் சாவான். வெறுங்காலுடன் வரப்பில் நடப்பவன் யார்? வைக்கோல் பிரிப்பவன் யார்? கட்டில் இல்லாமல் மண் தரையில் பாய் விரிப்பவன் யார்? மாடி வீட்டில் மின்விசிறியின் கீழ் கட்டிலில் தூங்கும் மிராசுதாரைக் கட்டு விரியன் தேடிப் போவதில்லை. பாம்புக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது. ஆனால் அது கடிக்கும் இடமெல்லாம் ஏழையின் இடமாகவே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000 உயிர்கள்! மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். ஏறக்குறைய பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது உழவும் நடவும் நடக்கும் மழைக் காலத்தில் நேர்ந்தவை. வருஷந்தோறும் ஒரு சிறு பட்டணமே அழிவதற்குச் சமமான சாவு இது. இதே அளவு பேர் ஆகாய விமான விபத்தில் இறந்தால் நாடாளுமன்றம் அதிராதா?

இந்தச் சாவு விதியல்ல. விஷத்தை முறிக்கும் ஊசி கண்டுபிடித்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1890-களிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் அதைச் செய்து காட்டினார். பாம்பின் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே ஊசி நம் நாட்டில் தயாராகிறது.

அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவது யார் தெரியுமா? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பழங்குடி மக்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்து வியாபாரிகளிடம் விற்று வயிறு கழுவிய மக்கள், அந்த வியாபாரம் சட்டப்படி நின்ற பிறகு, சங்கமாகக் கூடி உயிர் காக்கும் வேலைக்கு வந்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. உழைப்பாளியைக் கொல்லும் விஷத்துக்கு இன்னொரு உழைப்பாளி உயிரைப் பணயம் வைத்து மாற்று தருகிறான். இதைவிடப் பெரிய அற்புதம் என்ன வேண்டும்?

அப்படியானால் ஏன் சாகிறார்கள்? மருந்து எட்டும் நேரத்தில் மனிதன் எட்டுவதில்லை. மனிதன் எட்டும் இடத்தில் மருந்து இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் "புறக்கணிக்கப்பட்ட நோய்களின்" பட்டியலில் சேர்த்தது. புறக்கணித்தது யார்? லாபமே குறியான முதலாளித்துவம்! ஆப்பிரிக்கக் கண்டத்து மக்களின் உயிர் காத்து வந்த ஒரு விஷமுறிவு மருந்தை, லாபம் கட்டவில்லை என்று பிரான்சு நாட்டின் சனோஃபி கம்பெனி 2014-இல் தயாரிப்பதை நிறுத்தியது. 2016-இல் கடைசிச் சரக்கும் காலாவதியாயிற்று. கடிபடுகிறவன் கையில் காசு இல்லை. ஆகவே அவனுக்கு மருந்தும் இல்லை. இதுதான் சந்தையின் தர்மம்.

"புற்றுமண் பூசிப் பிழைத்தவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோமே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கண்டிருப்பீர்கள். கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பு கடித்தாலும் பல சமயம் விஷம் இறங்குவதில்லை. அப்படிப்பட்டவன் மண் பூசினாலும் பிழைப்பான், பூசாவிட்டாலும் பிழைப்பான். ஆனால் உண்மையாக விஷம் ஏறியவனுக்கு, மந்திரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணியும் எமனுக்குக் கொடுக்கும் தவணை. ஆகவே நினைவில் வையுங்கள்: கடிவாயைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அம்மனுக்கு நேர்ந்துகொள்வதானால் போகிற வழியில் நேர்ந்துகொள்ளுங்கள்!

மில் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வியாதி வந்தால் போவதற்கு உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, 1948-இல் வந்த சட்டம் அது. சங்கமாகத் திரண்ட தொழிலாளியின் பலம் இல்லாமல் அது ஏட்டிலேயே கிடந்திருக்கும். ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் சிறிய விசைத்தறிக் கூடத்துத் தொழிலாளிக்கு அது இல்லை. வயலில் நிற்கும் உங்கள் தகப்பனுக்கும் தாய்க்கும் அது இல்லை. மில்லில் இயந்திரம் கையை நசுக்கினால் அது வேலையில் நேர்ந்த விபத்து. வயலில் பாம்பு கடித்தால் மட்டும் அது தலையெழுத்தா? அதுவும் வேலையில் நேர்ந்த விபத்துதான்!

நமது கோரிக்கைகள் வருமாறு:

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவும் பகலும் விஷமுறிவு ஊசியும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் இருக்க வேண்டும்.

2. வேலையின்போது பாம்புக்கடியால் இறக்கும் விவசாயத் தொழிலாளியின் குடும்பத்துக்கு நஷ்டஈடு சட்டப்படி கிடைக்க வேண்டும்.

3. வயல் வேலைக்கு முழங்கால் உயரப் பூட்சும், டார்ச் விளக்கும், குடியிருப்புகளுக்குத் தெரு விளக்கும் தர வேண்டும். மண் தரையில் படுப்பவனுக்குச் சிமெண்டுத் தரையுடன் வீடு வேண்டும்.

இவை ஆகாத காரியங்களல்ல. பாம்புக்கடிச் சாவை 2030-க்குள் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை எல்லா ஆஸ்பத்திரிகளும் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல காரியங்கள்தாம், வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் எழுதியது கிராமத்து அலமாரியில் மருந்துப் புட்டியாக வந்து நிற்க, கேட்கும் குரல் வேண்டும்.

கேட்காமல் எது கிடைத்தது? புற்றை வெட்டி லிங்கம் கண்டவன் காவற்பறையன் என்கிறது புராணம். ஆனால் அவன் இனத்து மக்களைப் பெரிய கோயில்களின் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் பிரவேசம் நடந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சுனைக்கரையில் எல்லோரும் நிற்பது போராடிப் பெற்ற உரிமை. எவரும் போட்ட பிச்சையல்ல.

அந்த வேலையும் இன்னும் முடியவில்லை. 2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில், தலித் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தின்பண்டம் விற்க மறுத்த காட்சியை நாடே பார்த்தது. வழக்கு வந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். ஒரே வரப்பில் நின்று, ஒரே பாம்புக்குப் பயந்து, ஒரே கூலி வாங்குகிறவர்கள் சாதியின் பேரால் பிரிந்து நின்றால் மருந்து கேட்கும் குரல் எங்கிருந்து எழும்?

பெரியவர் யார் என்று சண்டையிட்ட சங்கனும் பதுமனும் கடைசியில் ஒன்றானார்கள் என்று ஆடித்தபசன்று லட்சம் பேர் கைகூப்புகிறோம். பாம்புகள் கற்ற பாடத்தை மனிதர்கள் கற்கக் கூடாதா?

சுனைக்குப் போகிறவர்கள் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் சங்கத்துக்கு வாருங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு ஊசி இருக்கிறதா என்று பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் நூறு பேராகப் போய்க் கேளுங்கள். அடுத்த ஆடியில் அந்த ஆச்சி தகட்டுப் பாம்பை உண்டியலில் போடட்டும், போடாமலும் இருக்கட்டும். அது அவள் இஷ்டம். அவள் மகன் உயிரோடு பக்கத்தில் நிற்க வேண்டும். அது நமது பொறுப்பு!