மருத்துவமனையில் பிறந்தால் மட்டும் போதுமா?

"தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். 2020 கணக்கில் ஆயிரம் குழந்தைக்கு 13 மரணம். இந்தியச் சராசரி 28. இதற்கு மேலும் பச்சைப்பிள்ளை இறந்தால் அது பெற்றவர்களின் அறியாமை." போடிநாயக்கனூர் மலை ஊர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படித்தான் வாயை அடைக்கிறார்கள். கணக்கு சரி, முடிவுதான் தப்பு.

முதலாவது, பிரசவம் ஒரு நாள் சங்கதி. சுகப்பிரசவமென்றால் இரண்டு மூன்று நாளில் வீடு. ஆனால் இந்தியாவில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஏழு முதல் 28 நாளுக்குள் போய்விடுகின்றன. முதல் வாரம்தான் பெரிய கண்டம். அதில் பாதி நாள் பிள்ளை இருப்பது மலைமேல்.

இரண்டாவது, "108 வருமே!" வரும், தார்ச்சாலை உள்ளவரை. பெரியகுளத்துக்கு மேலே சின்னூர், பெரியூரிலிருந்து நோயாளிகளை டோலி கட்டி இறக்கியது எத்தனையோ முறை செய்தியாகியிருக்கிறது. 2018 மார்ச்சில் இதே போடி மலையில் குரங்கணிக் காட்டுத்தீக்கு ஹெலிகாப்டர் வந்தது. மூச்சிரைக்கும் பச்சைப்பிள்ளைக்கு ஜீப்பும் ஆள் தோளும்தான்.

மூன்றாவது, அறியாமை. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டம் போகிறவளுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. 26 வார மகப்பேறு விடுப்பு 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. தினக்கூலிக்கு அது எட்டுவது அரிது. போடி ஜி.எச். போனால் ஒரு நாள் கூலி போச்சு, ஜீப் வாடகை தனி, மூத்ததைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேட வேண்டும். அங்கிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் புருஷன் கூலியும் சேர்ந்து போகும். "காலையில் பார்ப்போம்" என்று அவள் சொல்வது அறியாமையால் அல்ல, கையில் காசில்லாததால்.

நான்காவது, "மலைக்கு மலை ஆஸ்பத்திரி கட்ட முடியுமா?" வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்ப்பது, உடம்பு சில்லிடாமல் காப்பது, நிமிடத்துக்கு 60 மூச்சைத் தாண்டுகிறதா என்று எண்ணுவது, கிருமித்தொற்று என்றால் வீட்டிலேயே ஊசி போடுவது. பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

எத்தனை பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது என்பதோடு, ஏழாம் நாள் எத்தனை பிள்ளைகளை நர்ஸ் வீடு தேடிப் போய்ப் பார்த்தார் என்பதையும் மலை ஊர்வாரியாக வெளியிடட்டும். தாயின் அறியாமையைப் பற்றி அப்புறம் பேசலாம்.